வாயில் அட்டையின் எண்

தொழிற்சாலைகளில் பொருள் வாங்கும் இலாகாவுக்கு வந்து சேரும் கோரிக்கைச் சீட்டுகளுள், "ஐடி கார்டு, வெள்ளை, 500" என்று ஒரே வரியில் எழுதப்பட்ட சீட்டைப் போல் எளிதாகத் தோன்றுவதும், பின்னால் அநேகம் பேருடைய நிம்மதியைக் கெடுப்பதும் வேறொன்று உண்டென்று நான் நினைக்கவில்லை. மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கி, விலை குறைவாகக் குறித்தவரைத் தேர்ந்து, ஆர்டரில் கையொப்பமிட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று அந்த ஒற்றை வரி ஆசை காட்டும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் நிர்வாக இலாகாவில் இருந்துகொண்டு, வாயில் அட்டைகளை வரவழைப்பதும், பதிவதும், வழங்குவதும், தொலைந்தால் மாற்றிக் கொடுப்பதுமாகிய பொறுப்பை நெடுங்காலம் வகித்தவன் என்ற முறையில், அந்த வரியில் விட்டுப்போகும் விஷயங்களைக் குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டுமென்ற எண்ணம் எனக்கு வெகுநாளாக உண்டு. ஆர்டர் எழுதுகிறவருடைய மேஜையில் நேரும் பிழையின் பலனை அனுபவிப்பவர் அவராக இருப்பதில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்து, டர்ன்ஸ்டைலின் முன்னால் அட்டையைக் காட்டி, சிவப்பு விளக்கைக் கண்டு திகைத்து, பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்க ஓரமாக ஒதுங்கி நிற்கிற தொழிலாளிதான் அதை அனுபவிக்கிறார். அவரை அவ்வாறு நிற்கவைக்காமல் இருப்பதொன்றே இந்த உத்தியோகத்தின் முழுப் பயன் என்பது என் அபிப்பிராயம்.

மின்னணு அட்டைகள் வருவதற்கு முன்னர் மில்களிலும் தொழிற்சாலைகளிலும் வழங்கிவந்தது பித்தளை டோக்கன். ஆளுக்கொரு எண் பொறித்த அந்த வில்லையைத் தொழிலாளி உள்ளே நுழையும்போது பெட்டியில் போட, டைம் கீப்பர் அதைப் பார்த்து மஸ்டர் ரோலில் வருகையைக் குறித்துக்கொள்வார். அந்த ஏற்பாட்டில் குறைகள் பல இருந்தன. ஒருவருடைய டோக்கனை இன்னொருவர் போட்டுவிடுவதைத் தடுக்க வழியில்லை. ஆயினும் எண் என்பது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தது. ஒரே எண்ணில் இரண்டு டோக்கன்கள் வந்துவிட்டால் டைம் கீப்பர் அந்தக் கணமே கண்டுகொள்வார். இன்றைய அட்டையில் எண் உள்ளே மறைந்து கிடக்கிறது. மேலே அச்சிட்டிருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. ஆகையால் அட்டை வரவழைப்பவர், தாம் கண்ணால் காண முடியாத ஒன்றைத் துல்லியமாக எழுதிக் கேட்கவேண்டியவராகிறார்.

அட்டையின் உட்புறம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பி.வி.சி. தகடுகளுக்கு நடுவே மெல்லிய செப்புக் கம்பி பல சுற்றுகளாகச் சுற்றப்பட்டு, அதன் இரு முனைகளும் ஓரிரு மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு சிப்பில் இணைக்கப்பட்டிருக்கும். பேட்டரி கிடையாது. சுவரில் பொருத்தியிருக்கும் ரீடர் இடைவிடாமல் ஒரு காந்தப் புலத்தை அலைவித்துக்கொண்டிருக்க, அதன் எல்லைக்குள் அட்டை வந்தவுடன் செப்புச் சுற்றில் மின்சாரம் தூண்டப்பட்டு, அந்தச் சொற்ப சக்தியைக்கொண்டே சிப் விழித்தெழுந்து தன் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிடுகிறது. அலைவின் வேகத்தைப் பொறுத்து இவற்றில் பிரதானமாக இரண்டு ஜாதிகள்: பழையது 125 கிலோஹெர்ட்ஸ், புதியது 13.56 மெகாஹெர்ட்ஸ். ஒன்றுக்கென்று செய்த ரீடர் மற்றொன்றை அறியவே அறியாது. வெளித்தோற்றத்திலோ இரண்டும் வங்கி அட்டையின் அதே அளவில், 85.60 மில்லிமீட்டர் நீளமும் 53.98 மில்லிமீட்டர் அகலமும் 0.76 மில்லிமீட்டர் கனமுமாக, எவ்வித வேற்றுமையுமின்றி வெள்ளை வெளேரென்று இருக்கும். "ஐடி கார்டு, வெள்ளை" என்ற சீட்டை நம்பி அட்டை அனுப்புகிற வியாபாரி எந்த ஜாதியை அனுப்பினாலும் அவர்மேல் குற்றம் சொல்ல இயலாது.

ஜாதி சரியாக அமைந்துவிட்டால் அடுத்து எண்ணின் சங்கதி. பெரும்பாலான இடங்களில் இன்றும் ரீடருக்கும், அது சொல்லும் எண்ணைப் பார்த்துக் கதவைத் திறக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே ஓடுவது வீகாண்ட் முறை எனப்படும் ஏற்பாடே. ஜான் வீகாண்ட் என்பவர் கோபால்ட், இரும்பு, வெனேடியம் கலந்த உலோகக் கம்பியைப் பிரத்தியேகமான முறையில் முறுக்கிப் பதப்படுத்தினால், காந்தப் புலத்தில் அது சட்டென்று ஒரு மின்துடிப்பைத் தரும் என்று கண்டறிந்தார். அத்தகைய கம்பித் துண்டுகளை உள்ளே பதித்த அட்டைகள் ஒரு காலத்தில் வழக்கில் இருந்தன. அட்டைகளிலிருந்து அந்தக் கம்பி மறைந்துபோய் வெகுகாலமாயிற்று. ஆனால் அதற்காக வகுத்த 26 பிட் எண் அமைப்பும், ரீடரின் முதுகிலிருந்து வரும் பச்சை வெள்ளை ஒயர்கள் இரண்டும் இன்றளவும் நிலைத்திருக்கின்றன. அந்த 26 பிட்டுகளில் முதலும் கடைசியும் சரிபார்ப்புக்கு உரியவை. இடையில் உள்ள 24-இல் முதல் எட்டு பிட்டுகள் ஃபெசிலிட்டி கோடு, அதாவது இன்ன வளாகத்தைச் சேர்ந்தது என்பதற்கான எண். மிகுந்த பதினாறு பிட்டுகள் அட்டையின் சொந்த எண். வளாக எண் 0 முதல் 255 வரையிலும், அட்டை எண் 0 முதல் 65,535 வரையிலும்தான் இருக்க முடியும். இரண்டையும் பெருக்கினால் உலகம் முழுவதற்கும் சேர்த்து 1,67,77,216 எண்களே தேறுகின்றன. இது எவரும் கேட்டு வாங்கக்கூடிய பொது அமைப்பாகையால், ஒரே எண்ணுள்ள அட்டைகள் பல ஊர்களில், பல வாயில்களில், ஒன்றை ஒன்று அறியாமல் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன.

நம் நாட்டில் மிகுதியாகப் புழங்கும் மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளின் முதுகில் இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். உதாரணமாக 0005341238 என்று பத்து இலக்கத்தில் ஒன்றும், அதன் பக்கத்திலேயே 081,32822 என்று மற்றொன்றும் இருக்கும். இவை இரண்டு வெவ்வேறு எண்கள் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. 81-ஐ 65,536-ஆல் பெருக்கினால் 53,08,416 வருகிறது. அதனோடு 32,822-ஐக் கூட்டினால் 53,41,238. ஒரே எண்ணைத்தான் இரு விதமாக எழுதியிருக்கிறார்கள். இந்தக் கணக்கை எங்கள் வாயில் அறையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் போட்டுக் காட்டுவதை நான் ஒரு சம்பிரதாயமாகவே வைத்திருந்தேன். ஏனெனில் ஒரு மென்பொருள் பத்து இலக்கத்தைக் கேட்கும், மற்றொன்று பின்னால் உள்ள ஐந்து இலக்கத்தை மட்டும் கேட்கும். இது தெரியாதவர் இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பதிந்துவிட்டு, அட்டை பழுதென்று வியாபாரிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். திருப்பி அனுப்பப்பட்ட அட்டைகளில் கணிசமான பகுதி பழுதே இல்லாதவை என்பதை நான் கண்டிருக்கிறேன்.

எண் இரட்டிப்பதால் விளையும் துன்பத்தை விளக்க ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். எங்களுக்கு வழக்கமாக அட்டை கொடுத்துவந்த வியாபாரியிடம் கையிருப்பு இல்லாமற்போகவே, பொருள் வாங்கும் இலாகாவினர் வேறொருவரிடம் அவசரமாக ஒரு தொகுதியை வாங்கினார்கள். அவர் அனுப்பிய அட்டைகளின் வளாக எண் வேறு. ஆனால் அட்டை எண்களில் ஒரு பகுதி, நாங்கள் ஏற்கெனவே வழங்கியிருந்த எண்களோடு ஒத்திருந்தது. வளாக எண்ணையும் சேர்த்துப் பார்க்கும் கண்ட்ரோலராக இருந்தால் புதிய அட்டைகளை அது வாயிலிலேயே மறுத்திருக்கும். சிரமம் என்றாலும் விஷயம் வெளிப்பட்டிருக்கும். எங்கள் பழைய கண்ட்ரோலரோ, அதைப் பொருத்தியவர்கள் செய்துவிட்டுப்போன ஏற்பாட்டின்படி, கடைசிப் பதினாறு பிட்டுகளை மட்டும் பார்த்துக் கதவைத் திறந்துவிடும். அதன் விளைவாக, அச்சுக்கூடத்தில் வேலை செய்த ஒரு பயிற்சித் தொழிலாளி காலையில் உள்ளே வந்தபோதெல்லாம், இரவு ஷிப்டு முடித்து வீட்டுக்குப் போயிருந்த மூத்த ஃபிட்டர் ஒருவரின் பெயரில் வருகை ஏறிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் போடும்போது, ஃபிட்டருக்கு மனிதர் உழைக்கக்கூடாத அளவு ஓவர்டைமும், பயிற்சித் தொழிலாளிக்கு வரிசையாக ஆப்சென்டும் வந்து நின்றன. அந்தப் பையன் ஒரு நாள்கூட லீவு எடுக்காதவன். "சார், நான் தினமும் வந்திருக்கேன் சார், எங்க ஃபோர்மேன் அண்ணனைக் கேட்டுப் பாருங்க" என்று அவன் சொல்லும்போது குரல் தழுதழுத்ததும், ஃபோர்மேன் கையெழுத்திட்ட வேலைச் சீட்டுகளைக் கற்றையாகக் கட்டி அவன் கையோடு கொண்டுவந்திருந்ததும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. கணக்கைத் திருத்திப் பணத்தைக் கொடுத்துவிட்டோம். எனினும், உழைத்ததை நிரூபிக்கும் பாரத்தை உழைத்தவன் தலையிலேயே ஓர் அட்டை ஏற்றிவைத்துவிட்டதே என்ற வருத்தம் எளிதில் தீரவில்லை.

அதன்பிறகு எங்கள் ஆர்டர்களில் எண்வரிசை இல்லாமல் எந்தத் தாளும் வெளியே போனதில்லை. இன்ன அலைவரிசை, இன்ன சிப், இன்ன பிட் அமைப்பு, இன்ன வளாக எண், சென்ற தொகுதியின் கடைசி எண் இது, இத்தொகுதியின் ஆரம்ப எண் இது, இடையில் எண் விடுபட்டாலும் இரட்டித்தாலும் ஏற்கமாட்டோம் என்று எழுதினோம். உள்ளே உள்ள எண்ணையே மேலேயும் அச்சிட வேண்டுமென்று தனியாகக் குறித்தோம். பெட்டியோடு அட்டை எண்களின் பட்டியலும் வர வேண்டும் என்றோம். பெரிய ஸ்தாபனங்கள் இதற்கும் ஒரு படி மேலே போய், ஹெச்.ஐ.டி. கம்பெனியின் கார்ப்பரேட் 1000 போன்ற பிரத்தியேக அமைப்பைப் பதிவு செய்துகொள்வதுண்டு. 35 பிட்டுகள் கொண்ட அதில் ஸ்தாபனத்துக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி, அதன் கீழ்வரும் அட்டை எண்களின் வரிசையைத் தயாரிப்பாளரே கணக்கு வைத்துக்கொண்டு, உரியவரின் அனுமதியின்றி வேறு எவருக்கும் அந்த அட்டையைச் செய்து தருவதில்லை. விலை கூடுதல்தான். பல ஊர்களில் கிளைகள் உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் தகும்.

மாற்று அட்டை கேட்டு வருகிறவர்களில் தொலைத்துவிட்டு வருகிறவர்களைக் காட்டிலும், "கார்டு வேலை செய்யலை" என்று வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு உடனே புதிய அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவது நல்ல பழக்கமாகாது. காரணம் தெரியாமல் கொடுத்த அட்டை திரும்பவும் வந்து நிற்கும். செல்போன் பக்கத்தில் வைத்ததால் அட்டை அழிந்துவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. காந்தப் பட்டை ஒட்டிய பழைய அட்டைகளுக்குப் பொருந்திய அச்சம் அது. செப்புச் சுற்றும் சிப்பும் கொண்ட அட்டையை சாதாரணக் காந்தம் ஒன்றும் செய்வதில்லை. பின்பையில் வைத்துக்கொண்டு பஸ் சீட்டில் உட்கார்வது, வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடியோரம் போட்டுவைப்பது, கழுத்துப்பட்டையின் கிளிப்பை இழுத்து இழுத்து விளையாடுவது ஆகிய இவைதான் சுற்றுக்கம்பியையும் சிப்பின் இணைப்பையும் முறிக்கின்றன. 2023-இல் சென்னை மெட்ரோவில் சிங்காரச் சென்னை அட்டை வந்தபிறகு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அதுவும் 13.56 மெகாஹெர்ட்ஸ் ஜாதியே ஆகையால், அதை ஐடி கார்டின் பின்னால் ஒரே உறையில் செருகி வைத்திருப்பவர் ரீடரின் முன்னால் காட்டும்போது இரண்டு அட்டைகளும் ஒருங்கே பதில் சொல்லப் புறப்பட்டு, ரீடர் ஒன்றையும் ஏற்காமலோ, தவறானதை ஏற்றோ நின்றுவிடும். உறையிலிருந்து ஒன்றை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னால் பழுது தீர்ந்தது; ஆர்டரில் ஓர் அட்டை குறைந்தது.

எங்கள் துப்புரவுப் பணியில் கண்ட்ராக்டர் மூலமாக வேலை செய்துவந்த ஓர் அம்மாளின் அட்டை ஒரு நாள் திடீரென்று பேசாமற்போயிற்று. அவரோடு வந்த சூப்பர்வைசர், "அக்கா, முந்நூறு ரூபா சம்பளத்துல பிடிச்சுட்டுத்தான் புதுக் கார்டு தருவாங்க" என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லி அழைத்துவந்திருந்தார். "நான் தொலைக்கல சார், கழுத்துலயேதான் கெடந்துச்சு, அதுவா செத்துப்போச்சு சார்" என்றார் அந்த அம்மாள். செல்போனின் டார்ச் வெளிச்சத்துக்கு எதிரே வெள்ளை அட்டையைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஓடும் கம்பிச்சுற்று நிழலாகத் தெரியும். அவ்வாறு பார்த்தபோது, கழுத்துப்பட்டை கோப்பதற்காக வெட்டியிருந்த துளை சுற்றின் வெளிக்கம்பியை உரசிக்கொண்டு போயிருப்பது தெளிவாகத் தெரிந்தது. 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைகளில் சுற்று பெரும்பாலும் விளிம்பை ஒட்டியே ஓடும். துளை எங்கே வெட்டலாம் என்று தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த இடத்தை விட்டு, காகிதம் துளைக்கும் கருவியால் கைக்கு வந்த இடத்தில் வெட்டியவர்கள் எங்கள் பக்கத்து ஆட்களே. உரசிய கம்பி சில மாதம் தாக்குப்பிடித்து, வளைந்து வளைந்து கடைசியில் அற்றுவிட்டது. அந்த அம்மாளின் கூலியில் ஒரு காசும் பிடிக்கக்கூடாதென்று குறிப்பெழுதி, அதே தொகுதியில் அவ்வாறு துளையிட்ட அட்டைகள் யாவற்றையும் வரவழைத்து மாற்றினோம்.

பிடித்தம் பற்றிய சட்டம் என்ன சொல்கிறது என்பதை இந்த வேலை பார்க்கிறவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் நடப்பிலிருந்த 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், தொழிலாளியின் வசம் பத்திரமாக ஒப்படைக்கப்பட்ட பொருள் அவருடைய அசட்டையாலோ தவறாலோ நேரடியாகச் சேதமுற்றாலன்றிப் பிடித்தம் செய்ய இடம் தரவில்லை. அப்படிப் பிடிப்பதும் நஷ்டத்தின் அளவைத் தாண்டக்கூடாது. பிடிப்பதற்கு முன்னால் அவர் தம் சமாதானத்தைச் சொல்ல அவகாசம் தரவேண்டும் என்றும் அது விதித்தது. நூறு ரூபாய்க்கும் குறைவாக வாங்கிய அட்டைக்கு முந்நூறு பிடிப்பதும், தேய்ந்து இறந்த அட்டைக்குத் தண்டம் விதிப்பதும் இதன்படி தகாத காரியங்கள். இவை எத்தனையோ வளாகங்களில் வெகு சகஜமாக நடக்கின்றன. கண்ட்ராக்ட் தொழிலாளர்களின் விஷயத்தில் இன்னும் ஒரு விசேஷம் உண்டு. 1970-ஆம் ஆண்டுக் கண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அப்போது நடப்பிலிருந்த மத்திய விதிகள், ஒருவரை வேலைக்கு வைத்த மூன்று நாட்களுக்குள் கண்ட்ராக்டர் அவருக்கு வேலை அட்டை தந்தாக வேண்டுமென்று கூறின. அந்தக் காகித அட்டையைக் கொடுத்தாரா என்று எவரும் கேட்டதில்லை. வாயிலைத் திறக்கும் பிளாஸ்டிக் அட்டையோ அவர் கையில் இல்லாவிடில் அவர் வேலைக்கு வந்ததாகவே கணக்கில்லை. ஆகவேதான் தாற்காலிகப் பாஸ் எழுதிக் கொடுக்கும் புத்தகத்தை வாயிலில் எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டுமென்றும், மாற்று அட்டை வரும்வரை அந்தப் பாஸ் முழு வருகையாகவே கருதப்பட வேண்டுமென்றும் நான் விடாப்பிடியாக வற்புறுத்திவந்தேன்.

இனி, புதிய ஜாதி அட்டைகளுக்கு மாறிய கதை. 125 கிலோஹெர்ட்ஸ் அட்டை தன் எண்ணை எவர் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லிவிடும். கைக்கடக்கமான ஒரு கருவியும், திரும்ப எழுதக்கூடிய ஒரு வெற்று அட்டையும் இருந்தால் எவரும் நொடியில் நகல் செய்துவிடலாம். இதை அறிந்த நிர்வாகங்கள் மைஃபேர் என்ற 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டையை நாடின. ஆஸ்திரியாவில் மிக்ரான் என்ற கம்பெனி 1994-இல் வெளியிட்ட அந்த அட்டை, பிலிப்ஸ் கைக்கு மாறி, 2006-இல் அதிலிருந்து பிரிந்த என்.எக்ஸ்.பி. கம்பெனியின் உடைமையாயிற்று. அதன் பாதுகாப்பு முழுவதும் கிரிப்டோ-1 என்ற ரகசிய முறையையும் 48 பிட் சாவியையும் நம்பியிருந்தது. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஒரு மாநாட்டில், கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளாட்ஸ் ஆகிய இருவர் சிப்பை அடுக்கடுக்காகச் சுரண்டி, நுண்ணோக்கியின் கீழ் படமெடுத்து, அந்த ரகசியத்தின் பெரும்பகுதியை வெளிப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் அட்டையை நகல் செய்து காட்டினர். அவர்களுடைய கட்டுரையை வெளியிடக் கூடாதென்று கம்பெனி வழக்குத் தொடுக்க, 2008 ஜூலையில் டச்சு நீதிமன்றம் அதற்கு இணங்க மறுத்துவிட்டது. இவ்வளவு நடந்த பிறகும், விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பழைய மைஃபேர் கிளாசிக் அட்டையை நம் ஊர்த் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. 128 பிட் ஏ.இ.எஸ். சாவியைக் கொண்ட டெஸ்ஃபயர் அட்டையைச் சிபாரிசு செய்து நான் எழுதிய குறிப்புகள் ஃபைலில் உறங்கி, ஏன் இன்னும் பழைய அட்டை என்று ஒரு தணிக்கையாளர் கேட்ட பின்னரே விழித்தன.

டெஸ்ஃபயர் வாங்கிவிட்டால் மட்டும் பத்திரம் வந்துவிடாது. ஒவ்வொரு அட்டைக்கும் தயாரிப்பிலேயே யு.ஐ.டி. என்ற வரிசை எண் பதிந்திருக்கிறது. அதை அட்டை எந்த ரீடருக்கும் சாவியில்லாமலே சொல்லிவிடும். ரீடரைப் பொருத்துகிறவர் வேலை எளிதாக முடியட்டுமென்று அந்த வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்துவிட்டுப் போனால், விலை கூடிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பழைய நிலைமையிலேயே இருப்போம். யு.ஐ.டி.யிலும் நான்கு பைட் உள்ளவை, ஏழு பைட் உள்ளவை என்று இரு வகை; ஏழு பைட்டை அனுப்பினால் பழைய கண்ட்ரோலர் தலையையோ வாலையோ வெட்டிவிட்டு மிச்சத்தை ஏற்கும். சில ரீடர்கள் பைட்டுகளை முன்னிருந்து பின்னாகவும், வேறு சில பின்னிருந்து முன்னாகவும் அனுப்புவதால், ஒரே அட்டை முன்வாயிலில் ஓர் எண்ணாகவும் கேண்டீனில் வேறொரு எண்ணாகவும் தோன்றும். பதிவு செய்யும் மேஜையிலும், எல்லா வாயில்களிலும், ஒரே அட்டை ஒரே எண்ணைச் சொல்கிறதா என்று பரிசோதித்த பின்னரே முழுத் தொகுதிக்கு ஆர்டர் தரவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமென்று நான் கருதுவது சாவி யாருடையது என்ற கேள்வியே. டெஸ்ஃபயர் அட்டைக்குள் நம் எண்ணை எழுதிப் பூட்டும் சாவியைப் பெரும்பாலும் வியாபாரியே உண்டாக்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறார். பூட்டை விற்றவர் சாவியை மடியிலேயே முடிந்துகொண்டு, கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் தம்மைத்தான் கூப்பிட வேண்டுமென்று சொல்வதற்கு இது ஒப்பாகும். மாற்று அட்டை வேண்டுமென்றால் அவர் சொன்னதே விலை, அவர் கொடுத்ததே தவணை. சாவி ஸ்தாபனத்தின் சொத்து என்றும், அதை இரு பகுதிகளாக்கி இரண்டு அதிகாரிகள் தனித்தனியே முத்திரையிட்ட உறையில் வைத்திருப்பார்கள் என்றும், ஒப்பந்தம் முடிந்தால் அதன் நகல் எதுவும் வியாபாரியிடம் இருக்கக் கூடாதென்றும் முதல் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் கேட்டால் கிடைப்பது அரிது.

அச்சைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு மூடி ஒட்டிய தடித்த கிளாம்ஷெல் அட்டை ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் கனம். அதை அச்சு யந்திரத்தில் செலுத்த முடியாது, படத்தை ஸ்டிக்கரில் அடித்து ஒட்டவேண்டும். அந்த ஸ்டிக்கர் வியர்வையில் உரிந்துவரும். மெல்லிய அட்டையில் நேரே அச்சடிக்கலாமென்றாலும், சிப் இருக்கும் இடம் சற்று மேடாக இருந்தால் அங்கே சாயம் படியாமல் வெள்ளைப் புள்ளி விழும்; அது முகத்தின்மேல் விழாதபடி படத்தின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். தொழிலாளி தம் முகத்தைத் தாமே அடையாளம் காணமுடியாத மங்கலான அட்டையைக் கழுத்தில் மாட்டச் சொல்வது மரியாதையாகாது. ஆகையால் அச்சு யந்திரத்தின் சாய ரிப்பனில் சிக்கனம் பிடிப்பதை நான் அனுமதித்ததில்லை.

தொலைந்த அட்டைக்குப் பதில் கொடுக்கும்போது பழைய எண்ணை முதலில் ரத்துசெய்துவிட்டு, அதன் பிறகே புதியதைப் பதிய வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. வரிசை மாறினால், ஒருவர் பெயரில் இரண்டு அட்டைகள் உயிரோடிருக்கும் நேரம் ஒரு ஷிப்டாகவும் இருக்கலாம், ஓர் ஆண்டாகவும் இருக்கலாம். தொலைந்ததாகச் சொன்ன அட்டை பீரோவின் அடியிலிருந்து பிறகு கிடைத்தால், அதை உயிர்ப்பிக்காமல் வாங்கி, சிப்பும் சுற்றும் சேர்ந்து துண்டாகும்படி கத்தரித்துவிட வேண்டும். வெற்று அட்டைகளின் பெட்டியை எழுதுபொருள் அலமாரியில் வைக்காமல் பூட்டில் வைத்து, வந்த எண்ணும், போன எண்ணும், வாங்கியவர் கையொப்பமும், தேதியும் ஒரு தடித்த நோட்டில் ஏற வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்பார்கள். சர்வர் படுத்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, விரல்ரேகை வைக்கும் யந்திரங்களைப் பல அலுவலகங்கள் நிறுத்திவிட்டு அட்டைக்குத் திரும்பின. எங்களுக்கும் திடீரென்று அதிக அட்டைகள் தேவைப்பட்டன. அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு, 125 கிலோஹெர்ட்ஸும் 13.56 மெகாஹெர்ட்ஸும் ஒரே தகட்டில் அமைந்த இரட்டை அட்டைகளை வரவழைத்தோம். ஒற்றை அட்டையைவிட விலை மிகுதி என்று கணக்கு இலாகா ஆட்சேபித்தது. எல்லா வாயில்களிலும் ரீடர்களை ஒரே இரவில் மாற்றிவிட்டு, மறுநாள் காலை மூன்று ஷிப்டு ஆட்களும் புதிய அட்டைக்காக வரிசையில் நிற்பதைத் தவிர்க்க வேறு மார்க்கமில்லை என்று விளக்கி அனுமதி பெற்றோம். இரண்டு சிப்புகளிலும் ஒரே எண்ணைப் பதிந்து தரவேண்டுமென்று ஆர்டரில் நிபந்தனை எழுதினோம்; அவ்வாறு எழுதாவிட்டால் ஒரே மனிதர் பழைய வாயிலில் ஓர் எண்ணாகவும் புதிய வாயிலில் வேறொரு எண்ணாகவும் பதிவாகி, பழைய குழப்பம் புதிய உருவில் வந்துசேர்ந்திருக்கும். முன்வாயில், லாரி வாயில், கேண்டீன் என்று ஒவ்வொன்றாக ரீடர்களை மாற்றிக்கொண்டு போனோம். ஸ்டோர்ஸின் பின்கதவில் இருந்த கடைசிப் பழைய ரீடரைக் கழற்றும்வரை பழைய எண் அமைப்பைக் கண்ட்ரோலரில் விட்டுவைத்து, கழற்றிய அன்று மாலையே அதை நீக்கினோம். அடுத்த ஆர்டரை டெஸ்ஃபயர் சிப் மட்டும் உள்ள அட்டைக்கு எழுதினோம்.